வேணாம்னா எந்த வேணாம்?

கடலை எடுத்துக்கங்கண்ணே. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு வாசல்ல பஸ் ஏறுறப்ப வாங்குனது, இன்னும் சூடு ஆறல. வேணாமா? சரி. வேணாம்னா எந்த வேணாம்ணே?

சிரிக்காதீங்க, நெசமாத்தான் கேக்குறேன். வேணாம்ல எத்தனையோ வேணாம் இருக்கு. எனக்குத் தொழிலே அதுதான். கேட்டரிங்ல இருக்கேன், பந்தி பரிமாறுற ஆளு. கல்யாணம், காதுகுத்து, புதுவீடு எதுவா இருந்தாலும் சாம்பார் வாளியத் தூக்கிட்டு ஓடியாருவாய்ங்கல்ல, அதுல ஒருத்தன். என்னைய நீங்க எங்கயாச்சும் பாத்துக்கூட இருப்பீங்க. மூஞ்சிய பாத்திருக்க மாட்டீங்க, வாளிய பாத்திருப்பீங்க. பரிமாறுறவன் மூஞ்சிய ஒருத்தரும் பாக்குறதில்ல. அதுக்காகத்தானே அந்த வேலைக்கே போனேன்!

எம் பேரு புவியரசன். புவிக்கே அரசன், வச்சிருந்தது பூரா அரியர். கரூர் பக்கம் ஒரு காலேஜ்ல எங்கப்பா இஞ்சினியரிங் சேத்துவிட்டாரு. ரெண்டு வருசம் இருந்தேன். ஏழு பேப்பர் நின்னுச்சு. எட்டாவது நிக்கிறதுக்கு முன்னாடி நானே நின்னுட்டேன். வீட்டுக்கு வந்தா, தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் ஒரே கேள்வி. "என்னப்பா, இப்ப என்ன பண்ற?" பால்காரன் கேக்குறான், பக்கத்து வீட்டுக்கு வந்த விருந்தாளி கேக்குறான். என்னத்தச் சொல்ல? "நின்னுக்கிட்டு இருக்கேன், நீங்க?"ம்பேன். சிரிப்பாய்ங்க. சிரிக்கிறப்பவே நழுவிருவேன்.

என்னைய பேசத் தெரியாத பயன்னு நெனச்சிறாதீங்க. தெரியாத ஆளு நூறு பேரு இருக்கட்டும், பிச்சு உதறிருவேன். தெரிஞ்ச ஆளு ஒருத்தன் எதுத்தாப்ல வரட்டும், அம்புட்டுதான், அந்தாண்ட ரோட்டுக்குப் போயிருவேன். ஒருதடவை எங்க சித்தப்பாவுக்குப் பயந்து பொம்பளைங்க தையக் கடைக்குள்ள போயி அரை மணி நேரம் ஜாக்கெட் துணி பாத்துக்கிட்டு இருந்தேன். கடைசியில அந்தக்கா "யாருக்கு தம்பி?"ன்னு கேட்டுச்சு. "சித்தப்பாவுக்கு"ன்னு வாய்ல வந்துருச்சு.

இதுல முக்கியமான ஆளு கோகுல்நாத். ஹாஸ்டல்ல என் ரூம்மேட்டு. ஒரே ரூமு, ஒரே பக்கெட்டு, ஒரே சோப்பு. அவன் அசைன்மெண்ட்டப் பாத்து நான் எழுதுவேன், அவன் விட்ட தப்பையும் சேத்து. லீவு விட்டா நான் எங்க வீட்டுக்குப் போறதில்ல, ஒட்டன்சத்திரத்துல அவன் வீட்டுக்குத்தான். அவங்கம்மா தோசை சுடச் சுட நாங்க ரெண்டு பேரும் அடுப்படியிலயே உக்காந்து திம்போம். சாருமதின்னு அவனுக்கு ஒரு அக்கா. "எனக்கு ஒரு தம்பியே தொல்லை, இதுல இலவச இணைப்பு வேற"ன்னு சொல்லும்.

அப்பேர்ப்பட்ட கோகுலு என்ன பண்ணுனான் தெரியுமா? நான் காலேஜ விட்டு வந்தப்புறம் பதினோரு நாள் போன் பண்ணுனான். பதினோரே நாளு! பன்னண்டாம் நாள் நிறுத்திட்டான். ஒரு பிரண்டு செய்யுற காரியமாண்ணே இது? "நீ எடுத்தியாடா"ன்னு கேக்காதீங்க. நான் எடுக்கல, அது வேற விசயம். எடுக்காதவனுக்கும் போன் பண்றவன்தானே பிரண்டு? ஒண்ணே முக்கா வருசமாச்சு. விட்டுட்டான் பய. மறந்துட்டான்.

சரி, வேலைக்கு வாரேன். எங்க சூப்பர்வைசர் பேரு தவசி. மொத நாளே ஒரு மெரூன் டீசர்ட்டு, தொப்பி, மாஸ்க்கு, கையுறை எல்லாம் குடுத்தாரு. போட்டுக்கிட்டு கண்ணாடியில பாத்தா எனக்கே என்னைய தெரியல. அடடா, இப்படி ஒரு உடுப்ப எல்.கே.ஜிலயே குடுத்திருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்!

ஆனா அதுலயும் ஒரு சிக்கலு. பந்தியில கேக்கணும்லண்ணே? "சாம்பாரா, வத்தக்குழம்பா? இன்னும் கொஞ்சம் வைக்கவா?"ன்னு ஒவ்வொரு இலையிலயும் கேக்கணும். எனக்கு வாய் வரல, தெரிஞ்சவுக யாராச்சும் உக்காந்திருந்தா குரல வச்சே கண்டுபிடிச்சிருவாகளே! கேக்காமலே ஊத்திட்டு ஓடுவேன். குனிஞ்ச தல நிமிரமாட்டேன். இலைதான் தெரியும், ஆளு தெரியாது. ஒரு கல்யாணத்துல பாயாச வாளி எங்கிட்ட வந்துச்சு. ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரு, போதும்னு இலைக்கு மேல கைய வச்சிருக்காரு. எனக்கு எங்க தெரிஞ்சது? கரண்டிய கவுத்துட்டேன். பால் பாயாசம், அவரு புறங்கையில! முந்திரி ஒண்ணு மோதிரத்துல உக்காந்திருச்சு. செத்தோம்டான்னு நிக்கிறேன். அவரு என்னையப் பாத்தாரு, கையப் பாத்தாரு, நிதானமா புறங்கைய நக்குனாரு. "இன்னொரு கரண்டி ஊத்து தம்பி. இந்தவாட்டி இலையில ஊத்து"ன்னாரு.

அங்கதாண்ணே எனக்குப் பொறி தட்டுச்சு. இந்தாளு வேணாம்னுதானே கைய வச்சாரு? ஆனா வேணும்!

அன்னையிலருந்து நான் கையப் பாக்க ஆரம்பிச்சேன். இது நானே கண்டுபிடிச்சது, எந்த யுனிவர்சிட்டியிலயும் கெடையாது. இலைக்கு மேல கைய வைக்கிறாகளா, விரலப் பாருங்க. விரலு விரிஞ்சு சந்து தெரிஞ்சா அது வேணும்கிற வேணாம். தாராளமா ஊத்தலாம். "ஐயையோ போதும் போதும்"னு கத்திக்கிட்டே கை இலைக்கு வராம நெஞ்சுக்கு நேரா ஆடுதா, ரெண்டு கரண்டி. "கொஞ்சமா"ன்னு சொன்னா நெறைய. பொண்டாட்டி பக்கத்துல இருக்கப்ப சொல்ற வேணாம் இருக்கு பாருங்க, அது சக்கரை வியாதி வேணாம், அந்தம்மா திரும்புன பெறகு ஊத்தணும். ஆனா விரலு அஞ்சும் ஒட்டி, தகரம் அடிச்ச மாதிரி கை இலைய மூடிருச்சா, அதுதான் அசல் வேணாம். அங்க நிக்கக் கூடாது, அடுத்த இலைக்குப் போயிரணும்.

இத வச்சு நான் ஒரு வார்த்தை பேசாம பந்தி பந்தியா ஓட்டுனேன். தவசியண்ணன் சொல்லுவாரு, "டேய் ஆராய்ச்சி, வாயத் தொறந்து கேட்டா ரெண்டு செகண்டுல முடிஞ்சிரும்டா"ன்னு. அவருக்குப் படிப்பு கம்மி.

இப்படி நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. தை மாசம் ஒரு முகூர்த்தம், ஒட்டன்சத்திரத்துல பெரிய மண்டபம். விடியக்காலையில வண்டியில இருந்து அண்டா இறக்குறேன். தலைய தூக்கிப் பாக்குறேன், வாசல் வளைவுல பூவால எழுதியிருக்கு. சாருமதி. ஒரு வாட்டி படிச்சேன். எழுத்துக் கூட்டி இன்னொரு வாட்டி படிச்சேன். நமக்குத்தான் படிப்பு வராதே, தப்பா படிச்சிருப்போம்னு ஒரு நப்பாச. உள்ள எட்டிப் பாத்தா கோகுலு! பட்டு வேட்டி கட்டத் தெரியாம கட்டி, பெல்ட்டு போட்டு, சந்தனக் கிண்ணத்த எங்க வைக்கிறதுன்னு தெரியாம முழிச்சிட்டு நிக்கிறான்.

ஓடிப்போயி தவசியண்ணன் கால்ல விழுகாத கொறை. "அண்ணே, இன்னைக்கு மட்டும் என்னைய பாத்திரம் கழுவுற பக்கம் போடுங்க. அண்டா பூரா நான் ஒருத்தனே கழுவுறேன்." அவரு, "ரெண்டு பேரு லீவு. நீயும் போயிட்டா நானா சாம்பார் ஊத்துறது? எனக்கு முட்டி வலி"ன்னுட்டாரு.

வேற வழி? மாஸ்க்க கண்ணு வரைக்கும் ஏத்திக்கிட்டேன், தொப்பிய புருவம் வரைக்கும் எறக்கிக்கிட்டேன். நடுவுல ஒரு சின்ன சந்து, அது வழியா உலகத்தப் பாத்துக்கிட்டு காலையில எட்டு மணியில இருந்து பரிமாறுறேன். அவன் வந்தவுகள கும்பிட்டு கும்பிட்டு பந்திக்கு அனுப்பிட்டு நிக்கிறான். என் பக்கத்துல நாலு வாட்டி வந்தான். நாலு வாட்டியும் அவன் என்னையப் பாக்கல. ஒரு வாட்டி மேல சுத்துற பேனப் பாக்குறான், ரெண்டு வாட்டி செருப்பப் பாக்குறான், ஒரு வாட்டி சுவத்துல மாட்டியிருக்க மின்வாரியப் போர்டப் பாத்து என்னமோ யோசிக்கிறான். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம் சுர்ருன்னு இருந்துச்சு. கண்ணு மட்டும் தெரிஞ்சா என்ன, ரெண்டு வருசம் ஒரே பக்கெட்டுல குளிச்சவன்டா நானு! கண்ண வச்சுக் கண்டுபிடிக்க மாட்டியா? பெரிய ஆளாயிட்டான் பய, வேலக்காரன் மூஞ்சிய எல்லாம் பாக்க மாட்டான்னு நெனச்சுக்கிட்டேன்.

எங்கண்ணே எந்திரிக்கிறீங்க? பையா? அது மேல பத்திரமா இருக்கு. உக்காருங்க, இனிமேதான் விசயமே.

பொண்ணு வீட்டுக்காரவுக எப்பவும் கடைசிப் பந்திதானே. எல்லாரையும் சாப்பிட வச்சிட்டு மணி மூணுக்கு வந்து உக்காந்தாக. பத்து இலைதான். அவங்கம்மா, அவங்கப்பா, பக்கத்துல இவன். கூட சொந்தக்காரவுக. மத்த பயலுக பாதிப் பேரு சாப்பிடப் போயிட்டாய்ங்க. சாம்பார், ரசம், மோர் எல்லாம் நான் ஒருத்தன்தான்.

வாளிய எடுத்துக்கிட்டு வாரேன். முதல் இலை, ரெண்டாவது இலை, அவங்கம்மா இலை. குனிஞ்சே ஊத்துறேன். அந்தம்மா "கொஞ்சமாப்பா"ங்குது. நெறைய ஊத்துறேன். அடுத்தது அவன் இலை. பக்கத்துல போறேன், கைய வச்சான் பாருங்க இலைக்கு மேல. அஞ்சு விரலும் ஒட்டி. தகரம். சந்தே இல்ல. அசல் வேணாம்! சரின்னு தாண்டிட்டேன்.

ரசம் கொண்டாரேன். அதே கை. மோர் கொண்டாரேன். அதே கை. பாயாசத்துக்கும் அதே கை. வெறும் சோத்த உருட்டி உருட்டி முழுங்கிட்டு இருக்கான். அவங்கம்மா பாத்துட்டாக. "ஏன்டா, கலியாண வீட்டுல வெறுஞ்சோத்த திங்குற? குழம்பு வாங்கலையா? தம்பி, இவனுக்கு ஊத்துப்பா"ங்குறாக.

திரும்ப சாம்பார் வாளியோட போயி நிக்கிறேன். கை எடுக்கல. நானும் நகரல. என் கண்டுபிடிப்புப்படி நான் அங்க நிக்கவே கூடாது. ஆனா பசியோட இருக்குறவன் எதுக்குண்ணே வேணாங்கணும்? விரலப் பாத்தா வேணாம்னு இருக்கு. தொண்டையப் பாத்தா சோறு எறங்காம விக்குது. எனக்கு ஒண்ணும் ஓடல. வேலைக்குச் சேந்து எட்டு மாசத்துல மொதல் தடவையா வாயத் தொறந்தேன். குரல மாத்திக்கிட்டு, கட்டையா, "சார், சாம்பார் ஊத்தவா?"ன்னேன்.

அவன் இலையப் பாத்துக்கிட்டே கேட்டான். "பல்லு வலி எப்படி இருக்கு?"

அது என்னன்னு உங்ககிட்ட சொல்லலைலண்ணே. வேணும்னுதான் சொல்லல. நான் ஹாஸ்டல்ல இருந்து கெளம்புனேன்ல, அன்னைக்குக் காலையில கோகுலு எந்திரிச்சு உக்காந்து "பையத் தூக்கிக்கிட்டு எங்கடா?"ன்னான். படிப்ப விட்டுட்டுப் போறேன்னு சொல்ல வாய் வரல. "பல்லு வலி, டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துர்றேன்"னேன். அவன் என்ன செஞ்சான் தெரியுமா? அவன் பெட்டியத் தொறந்து, அவங்கம்மா குடுத்துவிட்ட கிராம்பு நாலு எடுத்து என் கையில குடுத்தான். "வலிக்கிற பக்கம் கடிச்சுக்க, வெரசா வந்துரு, மத்தியானம் லேப் இருக்கு"ன்னான். அந்தப் பதினோரு நாளும் அவன் போன் பண்ணுனது, மெசேஜ் போட்டது எல்லாம் அதுக்குத்தான். "பல்லு எப்படி இருக்கு?" "புடுங்கிட்டாய்ங்களா?" "வாய் வீங்கியிருந்தா பேச வேணாம், மெசேஜ் மட்டும் போடு."

நான் என்ன பண்ணுனேன்? அங்கயும் வாளியோட நின்னுக்கிட்டு ஜோக்கு அடிச்சேன். "சொத்தப் பல்லு சார், புடுங்கியாச்சு"ன்னேன். சிரிக்கல. "டாக்டர் ரொம்ப தூரம் சார், இப்பத்தான் டோக்கன் வந்துச்சு"ன்னேன். சிரிக்கல. கை அப்படியே இருக்கு. எங்கிட்ட மூணாவது ஜோக்கு இல்லண்ணே. பொறந்ததுல இருந்து அப்படி ஒரு நெலம எனக்கு வந்ததே இல்ல.

மாஸ்க்க எறக்குனேன். வாளி கனக்குது, கீழ வைக்கவும் தோணல. "மொத நாளு நீ பண்ணுனப்ப எடுத்திருக்கணும்டா. என்ன சொல்றதுன்னு தெரியல, எடுக்கல. ரெண்டாம் நாள் எடுத்தா, நேத்து ஏன் எடுக்கலன்னு கேப்ப. மூணாம் நாள் எடுத்தா ரெண்டு நாளுக்கும் சேத்து கேப்ப. அப்படியே ஏறிப்போச்சுடா. நான் பல்லு வலியில போகல. பெயிலாகிப் போனேன். உங்கிட்ட சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

அவங்கப்பா அப்பளத்த ஒடைச்சாரு, அது ஒண்ணுதான் சத்தம். கோகுலு கைய எடுத்தான். "ஊத்து"ன்னான். ஊத்துனேன். ஊத்துன வேகத்துல வாளியில பாதி அவன் பட்டு வேட்டியில போச்சு. "கட்டத் தெரியாம கட்டுனதுக்கு இது தேவைதான்"னு அவனே சொன்னான்.

பெறகு அவன் சொல்றான் கேளுங்க. ஐப்பசியில நத்தத்துல ஒரு கல்யாணத்துக்கு வந்திருக்கான். நான் ரசம் ஊத்திக்கிட்டே வாரேன். தூரத்துல வர்றப்பவே நடைய வச்சுக் கண்டுபிடிச்சுட்டானாம். "கூப்பிடலாம்னுதாண்டா நெனச்சேன். பதினோரு நாள் எடுக்காதவன், என்னையப் பாத்தா வாளியப் போட்டுட்டு ஓடிருவியோன்னு இருந்துச்சு. எனக்கும் ஒரு மாதிரி ஆயிருச்சு. பாதி இலையில எந்திரிச்சு கை கழுவப் போயிட்டேன்"கிறான். அங்க இருந்து நேரா தவசியண்ணன்ட்ட போயி விசிட்டிங் கார்டு வாங்கியிருக்கான். அக்கா கல்யாணத்துக்கு வேற ஒரு சமையக்காரவுகள பேசி முடிச்சிருந்தாகளாம். இவன் வீட்டுல மல்லுக்கட்டி, "இவுக ரசம் மாதிரி உலகத்துலயே இல்ல"ன்னு சாதிச்சு, எங்க ஆளுகள வரவழச்சிருக்கான். காலையில இருந்து நாலு வாட்டி எங்கிட்ட பேசத்தான் வந்திருக்கான். பக்கத்துல வந்ததும் வாய் வராம பேனப் பாத்திருக்கான், போர்டப் பாத்திருக்கான். கடைசியில, நானா வாயத் தொறந்து கேக்குற வரைக்கும் எதுவும் வாங்கக் கூடாதுன்னு இலைய மூடிட்டு உக்காந்துட்டான்.

யோசிச்சுப் பாருங்கண்ணே. ஒரே ஒரு பயட்ட பேசுறதுக்கு எழுநூறு பேருக்குச் சாப்பாடு சொல்லியிருக்கான் ஒருத்தன்!

அவங்கம்மா எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாக. "ஏன்டா எருமைகளா, இதுக்கா என்னைய அந்த ரசத்துக்காக உங்க மாமன்ட்ட சண்ட போட வச்ச? அந்த ரசத்துல உப்பே இல்ல!"ன்னாக. எங்கிட்ட திரும்பி, "வாளிய வச்சிட்டு உக்காருடா. தோசை திங்க மட்டும் வருவ, கல்யாணத்துக்கு வாளி தூக்கிட்டு வருவியா?"ன்னாக. தவசியண்ணன் கதவுட்ட நின்னு "யூனிபார்மோட உக்காரக் கூடாது"ன்னாரு. "அப்ப நீங்களும் யூனிபார்மக் கழட்டிட்டு வந்து உக்காருங்க"ன்னுச்சு அந்தம்மா. அம்புட்டுதான், ஆளு சமையக்கட்டுக்குள்ள போயிட்டாரு. நான் உக்காந்தேன், எனக்கு கோகுலு ஊத்துனான். கேக்காமலே ஊத்துனான், பரிமாறத் தெரியாத பய.

இப்ப தெனமும் அவன் போன் பண்றான், நான் எடுக்குறேன். நானா பண்ணுனது இல்ல. ஏன்னு கேக்காதீங்க, ஒண்ணொண்ணாத்தானே பழகணும்? இன்னைக்கு ஹாஸ்டலுக்கு வரச் சொல்லியிருக்கான். பழைய பயலுக எல்லாரும் இருப்பாய்ங்களாம். அதுக்குத்தான் போறேன். பயத்துல ரெண்டு பஸ்ஸ ஏறாம விட்டுட்டு மூணாவதுலதான் ஏறுனேன். அதான் உங்ககிட்ட ரெண்டு வார்த்த பேசிக்கிட்டு வந்தா கொஞ்சம் அடங்கும்னு...

என்னண்ணே? என்னமோ சொல்ல வர்றீங்க. வேடசந்தூரா? அது போயி பத்து நிமிசமாச்சே! அங்கயா எறங்கணும் நீங்க? அட, ஏண்ணே சொல்லல? நான் பேசிட்டு இருந்தனா? குறுக்க பேசக் கூச்சமா இருந்துச்சா? போச்சு போங்க! எந்திரிச்சவர நான்தானே வேற உக்கார வச்சேன்! கண்டக்டரண்ணே! விசில் அடிங்க, விசில் அடிங்க! பெரிய மனுசன் ஒருத்தரு எறங்கணும். நானும்தான் எறங்குறேன். இல்லண்ணே, உங்கள நடு ரோட்டுல விட்டுட்டு நான் எப்படிப் போறது? பைய குடுங்க, நான் தூக்குறேன்.

பாத்து வாங்க, லாரி வருது. இந்தா இந்த மரத்தடியில நிப்போம், திரும்பிப் போற பஸ்ஸு இங்க கைய காட்டுனா நிப்பாட்டுவான். உங்கள ஏத்திவிட்டுட்டு நான் அந்தப் பக்கம் போயிக்கிறேன். பன்னண்டு மணிக்கு வாரேன்னு சொன்னேன், எங்க போக. அவன் கேட்டுல வந்து நிப்பான். வரலைன்னா இவன் மறுபடியும் ஓடிட்டான்னுதான் நெனப்பான். அய்யய்ய.

ஒரு நிமிசம் இருங்கண்ணே. போன் ஒண்ணு பண்ணிக்கிறேன்.

அடிக்குது. எடுக்க மாட்டேங்கிறானே. எடுக்காம இருந்தா இப்படித்தான் இருக்குமோ? நல்லாவே இல்லண்ணே இது.

ஆங், கோகுலு! நாந்தாண்டா. இல்லடா, ஓடல, ஓடல. சத்தியமா வந்துக்கிட்டே இருக்கேன், கொஞ்சம் லேட்டாகும். நடுவுல எறங்கிட்டேன். ஒரு அண்ணன் கூட நிக்கிறேன். பஸ்ல பழக்கம், ரொம்ப நல்லா பேசிட்டு வந்தாரு. யாருன்னா? இரு, கேட்டுச் சொல்றேன்.

அண்ணே, உங்க பேரு என்னண்ணே?